தடை இருந்தும் ஐரோப்பிய விலாங்கு ஏன் மீளவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஐரோப்பிய விலாங்கை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே விற்க 2010 முடிவிலிருந்தே அனுமதி இல்லை. பிடிப்பதற்கும் ஏகப்பட்ட கட்டுப்பாடுகள். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியமான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் 2008 முதல் 'மிக அருகிய இனம்' என்ற நிலையில் இருக்கிறது. இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் எண்ணிக்கை ஏன் ஏறவில்லை? அதன் வாழிடத்துக்கு என்னதான் ஆகிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை வந்த பாதுகாப்பு பெரும்பாலும் மீனவரின் வலையைத்தான் குறிவைத்தது. விலாங்குக்கு ஆறு என்பது வீடு மட்டுமில்லை, ஒரு முறை ஏறவும் ஒரு முறை இறங்கவும் வேண்டிய பாதை. அந்தப் பாதை இன்னும் அடைபட்டுத்தான் கிடக்கிறது. வலைகளைக் குறைத்தோம், அணைகளை அப்படியே விட்டோம். கேள்வியின் மையம் அங்கேதான் என்று நினைக்கிறேன். மற்ற ஆபத்துகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் இந்த மீனின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஓர் அணை எதற்காக இவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியாது.

விலாங்கு பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்பார்கள். ஐரோப்பிய விலாங்கு அதையும் தாண்டி, கடலுக்கு ஓர் உடலும் ஆற்றுக்கு ஓர் உடலும் வைத்திருக்கிறது. அது பிறப்பது வட அட்லாண்டிக்கின் மேற்கே இருக்கும் சர்காசோ கடலில். முட்டையிலிருந்து வரும் குஞ்சு இலை மாதிரித் தட்டையாக, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அது கடல் நீரோட்டத்தோடு கிழக்கே வருகிறது. ஐரோப்பாவின் கரையோர மேடையை நெருங்கும்போது அந்த இலை வடிவம் சுருங்கி, ஏழு செ.மீ. நீளத்தில் நூல் போன்ற ஒரு சின்ன விலாங்காகிறது. உடலில் இன்னும் நிறம் ஏறியிருக்காது, உள்ளே முதுகெலும்பு தெரியும். இதைத்தான் கண்ணாடி விலாங்கு என்கிறார்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் 3,000 வரை நிற்கும்.

கழிமுகத்துக்கு வந்த கண்ணாடி விலாங்கு நீந்திக் களைப்பதில்லை. கடல் ஏறும்போது நீரில் எழும்பி அதோடு உள்ளே போகும். கடல் வற்றும்போது அடியில் படிந்துகொள்ளும். இப்படி ஒவ்வோர் ஏற்றத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்குள் நுழைந்துவிடும். அப்புறம் நிறம் ஏறி, முதுகு பழுப்பாகி, வயிறு மஞ்சளாகி, ஆறு, ஏரி, குட்டை, வாய்க்கால் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வாழ ஆரம்பிக்கும். இந்த மஞ்சள் பருவம் ஐந்து ஆண்டிலும் முடியலாம், இருபது ஆண்டைத் தாண்டியும் போகலாம். குளிர்ந்த வடக்கில் வளர்ச்சி மெதுவாக இருப்பதால் காலம் கூடும்.

கடைசியில் ஓர் இலையுதிர் காலத்தில் அதன் உடல் மறுபடி மாறுகிறது. கண்கள் பெரிதாகின்றன, முதுகு கருக்கிறது, வயிறு வெள்ளி போலப் பளபளக்கிறது, குடல் சுருங்கிவிடுகிறது. அதன் பிறகு அது சாப்பிடுவதே இல்லை. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பை மட்டும் நம்பி, 5,000 கி.மீ.க்கு மேல் நீந்தி சர்காசோவுக்குத் திரும்பி, வாழ்நாளில் ஒரே ஒரு முறை இனப்பெருக்கம் செய்துவிட்டு இறந்துவிடுகிறது.

மனிதர்கள் இதைக் கண்டுபிடிக்கவே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது. விலாங்கு சேற்றிலிருந்து தானாக உண்டாகிறது என்று அரிஸ்டாட்டில் நம்பினார். உளப்பகுப்பாய்வுக்குப் பேர்போன சிக்மண்ட் பிராய்டு, மாணவராக இருந்த 1876-இல் திரியெஸ்தே நகரில் சுமார் 400 விலாங்குகளை அறுத்து ஆண் உறுப்பைத் தேடினார். அந்த இலை போன்ற குஞ்சை வேறொரு மீன் என்றே விஞ்ஞானிகள் எண்ணியிருந்தார்கள். அது விலாங்கின் குஞ்சுதான் என்று 1896-இல் இத்தாலியின் கிராஸ்ஸியும் கலாந்துருச்சோவும் காட்டினார்கள். டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மித் 1904 முதல் இருபது ஆண்டுக்கு நெருக்கமாக அட்லாண்டிக்கில் வலை இழுத்து, எங்கே குஞ்சுகள் மிகச் சிறியவையாக இருக்கின்றன என்று தேடித்தேடி சர்காசோவுக்குப் போய்ச் சேர்ந்தார். வளர்ந்த விலாங்கு உண்மையிலேயே அங்கே போகிறது என்பதற்கு நேரடிச் சான்று 2022-இல்தான் வெளியானது. அசோர்ஸ் தீவுகளில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்ட பெண் விலாங்குகளில் சில சர்காசோவை எட்டியிருந்தன. ஆனாலும் இன்றுவரை யாரும் அந்தக் கடலில் ஒரு முட்டையைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நார்வேயின் ஆற்றில் வளர்ந்ததும் மொராக்கோவின் ஓடையில் வளர்ந்ததும் அதே கடலுக்குப் போய்க் கலக்கின்றன. மரபணு ஆய்வுகளிலும் இவை ஒரே கூட்டம் என்றுதான் தெரிகிறது. அதனால் 'எங்கள் ஆற்று விலாங்கு' என்று எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. போலந்தில் தப்பித்துப் போன தாயின் குஞ்சு போர்ச்சுகலில் கரையேறலாம். ஒரு நாடு கெடுத்தால் எல்லோருக்கும் நஷ்டம், ஒரு நாடு நல்லது செய்தால் அதன் பலன் அந்த நாட்டுக்கே வரும் என்ற உறுதியும் இல்லை. அரசியல்வாதிகளை இதில் பணம் போடச் சம்மதிக்க வைப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

சரி, நிலைமை எவ்வளவு மோசம்? 1980-களின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பியக் கரைக்கு வரும் கண்ணாடி விலாங்குகளின் வரத்து சரிந்துகொண்டே போனது. ஐசிஇஎஸ் எனப்படும் சர்வதேச கடல் ஆய்வு மன்றம், 1960 முதல் 1979 வரையிலான வரத்தை அளவுகோலாக வைத்து ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. வட கடல் பக்கம் இப்போது வருவது அதில் ஏறத்தாழ 1 சதவீதம். ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் 10 சதவீதத்துக்கும் கீழே. 2011 வாக்கில் சரிவு நின்றது. ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஏறவில்லை. நூறு குஞ்சு வந்த இடத்தில் ஒன்று வருகிறது என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ஆற்றுக்கு வருகிறேன்.

ஐரோப்பாவின் ஆறுகளில் எத்தனை தடுப்புகள் இருக்கின்றன என்று ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்தே போய்ப் பார்த்து, 2020-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். குறைந்தது 12 லட்சம். சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 0.74 தடுப்பு. நாம் அணை என்றதும் மலையிடுக்கில் நிற்கும் பெரிய சுவரை நினைக்கிறோம். ஆனால் இந்த 12 லட்சத்தில் மிகப் பெரும்பாலானவை சின்னச் சின்னத் தடுப்பணைகள், மதகுகள், சாலைக்கு அடியில் போட்ட குழாய்கள், எப்போதோ மூடிப்போன மாவு ஆலைக்காகக் கட்டிய கல்தடுப்புகள். பலவற்றுக்கு இன்று எந்தப் பயனும் இல்லை. இடித்தால் செலவு, விட்டால் கேட்பாரில்லை என்று அப்படியே நிற்கின்றன.

மேலே ஏறும் விலாங்குக்குத் தடுப்பு ஒரு விதமான பிரச்சினை. பத்து செ.மீ.க்குக் குறைந்த குஞ்சு ஈரமான சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறிவிடும். கரடுமுரடான கல், பாசி படிந்த பக்கம் இருந்தால் போதும். சற்றுப் பெரிதானால் உடல் எடை இழுத்துவிடும். அது சாமன் மீனைப் போலத் தாவாது. சாமனுக்காகக் கட்டிய மீன்படிகள் விலாங்குக்கு உதவாமல் போவது இதனால்தான், அங்கே நீரின் வேகமும் அதற்குத் தாங்காது. விலாங்குக்கு வேண்டியது வேறு மாதிரி. ஒரு சாய்வுப் பலகை, அதில் துடைப்பம் போல அடர்ந்த நார்கள், மேலிருந்து மெல்லக் கசியும் தண்ணீர். அந்த நார்களுக்கு இடையே உடலை நெளித்துப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். இதற்குப் பெரிய செலவில்லை, பொறியியல் சிக்கலும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009-இல் வந்த விலாங்கு விதிகள் இப்படிப்பட்ட பாதைகளை அமைக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரத்தை அரசு அமைப்புக்குத் தந்தன. ஏறும் பிரச்சினைக்குத் தீர்வு கையில் இருக்கிறது என்றே சொல்லலாம்.

இறங்குவதுதான் பெரிய சோகம். பொதுவாகப் பேசும்போது பலரும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

வெள்ளி விலாங்கு கடலுக்குக் கிளம்புவது இலையுதிர் காலத்தில், மழை பெய்து ஆறு பெருகி ஓடும் இருட்டு இரவுகளில். ஆற்றில் எந்தப் பக்கம் ஓட்டம் அதிகமோ அந்தப் பக்கமாகவே போகும். நீர்மின் நிலையம் இருக்கும் இடத்தில் ஓட்டம் அதிகமாக இருப்பது எங்கே? டர்பைன் வாயில்தான். அதன் முன்னால் குப்பையைத் தடுக்கக் கம்பிகள் இருக்கும். கம்பிகளுக்கு இடையே இடைவெளி அகலமாக இருந்தால் விலாங்கு உள்ளே நுழைந்து, டர்பைனின் சுழலும் தகட்டில் அடிபடும். இடைவெளி குறுகலாகவும் நீரின் இழுவை வேகமாகவும் இருந்தால் கம்பியோடு கம்பியாக அழுந்திச் சாகும். சிறு மீன்கள் டர்பைனைத் தாண்டிப் பிழைப்பதற்கு ஓரளவு வாய்ப்பு உண்டு. நீளமான உடல் கொண்ட விலாங்குக்கு அந்த வாய்ப்பு குறைவு. உடல் நீளம் கூடக் கூட தகடு படும் சாத்தியமும் கூடுகிறது.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விலாங்கு ஆணா பெண்ணா என்பது பிறக்கும்போதே முடிவாவதில்லை, வளரும் சூழல்தான் அதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நெரிசல் அதிகமான கீழ்ப்பகுதிகளில் ஆண்கள் அதிகம். நெரிசல் குறைந்த மேல்பகுதிகளில் பெரும்பாலும் பெண்கள். ஆண் விலாங்கு சுமார் 45 செ.மீ.க்குள் கிளம்பிவிடும். பெண் அரை மீட்டருக்கு மேல் வளர்ந்து, சில ஒரு மீட்டரையும் எட்டும். பெரிய பெண் விலாங்கு ஒன்று பத்து லட்சத்துக்கு மேல் முட்டையிடக்கூடியது. ஆக, ஆற்றின் உயரத்தில் இருந்து, அதிக அணைகளைத் தாண்டி, மிக நீளமான உடலோடு இறங்கி வருவது யார்? அடுத்த தலைமுறையைச் சுமந்து வரும் தாய்கள். டர்பைன் எடுத்துக்கொள்வது அவர்களைத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மின்நிலையத்தில் நாலில் ஒரு பங்கு மட்டும் சாகிறது என்று வைத்துக்கொள்வோம். மோசமான எண்ணாகத் தெரியாது. அதே ஆற்றில் அப்படி நாலு நிலையங்கள் இருந்தால்? நூறு கிளம்பினால் முதலில் 75, அடுத்து 56, பிறகு 42, கடைசியில் 32-தான் கடலைப் பார்க்கும். ஒவ்வொரு நிலையமும் 'எங்களால் பெரிய பாதிப்பில்லை' என்று சொல்லலாம், அந்த அளவில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆறு முழுவதையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் விலாங்குக்கு நேர்வது தெரியும். மனித இடையூறே இல்லாதிருந்தால் எவ்வளவு வெள்ளி விலாங்கு கடலுக்குத் தப்பியிருக்குமோ அதில் 40 சதவீத எடையாவது தப்ப வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டு விலாங்கு ஒழுங்குமுறை வைத்த இலக்கு. இந்தக் கணக்கில் ஒரு மீனவர்கூட வலை போடவில்லை, இலக்கு ஏற்கெனவே தோற்றுவிட்டது.

அதனால்தான் சின்ன நீர்மின் நிலையங்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. நீர்மின்சாரம் கரி வெளியிடாதது, நல்லது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. பெரிய நிலையங்களை நாளைக்கே மூடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஓடையைக் குறுக்கே அடைத்து மிகக் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும் நிலையங்களை 'பசுமை' என்று சொல்லி இன்னும் புதிதாகக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே கிடைக்கும் மின்சாரத்தை வேறு வழியில் எடுக்கலாம். அந்த ஓடைக்கு மாற்று இல்லை.

அணை மட்டுமல்ல, நிலத்தை உலர்த்தியதும் வாழிடத்தைப் பறித்தது. விலாங்குக்குப் பிடித்த இடம் ஆழமான ஆறு மட்டுமல்ல. சதுப்பு, நாணல் காடு, வெள்ளம் வந்து வடியும் புல்வெளி, உப்பங்கழி. கிழக்கு இங்கிலாந்தின் ஃபென்ஸ் சதுப்புநிலம் ஒரு காலத்தில் விலாங்கால் நிரம்பியிருந்தது. 1086-இல் இங்கிலாந்தின் நிலம், வரி பற்றி எடுத்த டூம்ஸ்டே கணக்கேட்டில் ஆயிரக்கணக்கான விலாங்குகளை வாடகையாகச் செலுத்திய பதிவுகள் இருக்கின்றன. அங்குள்ள ஈலி நகரத்துக்கு விலாங்கால்தான் (ஆங்கிலத்தில் 'ஈல்') அந்தப் பெயர் வந்தது என்று எட்டாம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதியிருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் கோர்னெலியுஸ் வெர்முய்டன் என்ற டச்சுப் பொறியாளரை வைத்து அந்தச் சதுப்பை வடிக்கத் தொடங்கினார்கள். இன்று அது பெரும்பாலும் விளைநிலம். இத்தாலியில் போ ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கொமாக்கியோ உப்பங்கழியில், கடலுக்குத் திரும்பும் விலாங்கை வழிமறித்துப் பிடிக்கப் பல நூற்றாண்டுகளாகத் தனிப் பொறிகள் வைத்திருந்தார்கள், ஊரே அதை நம்பி வாழ்ந்தது. கடந்த நூற்றாண்டில் அந்த உப்பங்கழிகளில் பெரும்பகுதியை வயலாக்கிவிட்டார்கள். ஐபீரியத் தீபகற்பத்தில், பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, விலாங்கு முன்பு வாழ்ந்த பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இழந்திருப்பது தெரியவந்தது. ஸ்பெயினின் உட்பகுதியில், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்களிலும் ஒரு காலத்தில் விலாங்கு கிடைத்தது. இன்று அது ஏறக்குறையக் கரையோர மீனாகச் சுருங்கிவிட்டது.

நெதர்லாந்தின் கதை இன்னும் கூர்மையானது. நாட்டின் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாக வேண்டும். அந்த இறைக்கும் பம்புகளின் விசிறிகள் வாய்க்கால்களில் வளர்ந்த விலாங்கை டர்பைனைப் போலவே வெட்டுகின்றன. 1932-இல் கட்டி முடித்த அப்ஸ்லாய்ட்டைக் என்ற நீண்ட கடலணை, ஒரு கடல்வளைகுடாவையே நன்னீர் ஏரியாக்கிவிட்டது. ரைன், மாஸ் ஆறுகளின் வாயில் 1970-இல் ஹாரிங்ஃப்லீட் அணை வந்தது. வெள்ளத்தில் மக்கள் சாகாமல் இருக்க இவை தேவைப்பட்டன, அதை நான் குறை சொல்ல மாட்டேன். 1953 வெள்ளத்தில் அந்த நாட்டில் 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் பாதுகாப்பைக் கைவிடாமலே கதவைக் கொஞ்சம் திறந்துவைக்க முடியும் என்று அவர்களே பிறகு கண்டார்கள். 2018 முதல் ஹாரிங்ஃப்லீட்டின் மதகுகளைக் கடல் ஏறும்போதும் சிறிது திறக்கிறார்கள். அப்ஸ்லாய்ட்டைக்கின் குறுக்கே மீன்கள் போய்வர வளைந்து வளைந்து ஓடும் ஒரு செயற்கை ஆறு கட்டும் வேலையும் தொடங்கியது. பம்புகளிலும் மீனை வெட்டாத திருகு வகைகள் வந்திருக்கின்றன.

இனி தண்ணீரின் தரம். விலாங்கு அடித்தளத்தில், சேற்றில் கிடந்து பல ஆண்டுகள் கொழுப்பு சேர்க்கும் மீன். பிசிபி, டயாக்சின் போன்ற நஞ்சுகள் கொழுப்பில்தான் கரையும். ஆற்றுச் சேற்றில் பழைய தொழிற்சாலைகள் விட்டுப்போன நஞ்சு எல்லாம் விலாங்கின் உடலில் சேமிப்பாகிறது. அது ஆற்றில் இருக்கும்வரை பெரிதாகக் காட்டாது. கடைசிப் பயணத்தில் சாப்பிடாமல் கொழுப்பை எரிக்கும்போது நஞ்சு இரத்தத்துக்கும் முட்டைக்கும் போகிறது. நெதர்லாந்து 2011-இல் தன் பெரிய ஆறுகளில் விலாங்கு பிடிப்பதை நிறுத்தியது. காரணம் விலாங்கைக் காப்பது அல்ல. டயாக்சின் அளவு மனிதர் சாப்பிடத் தகாததாக இருந்தது. மனிதர் தொடக்கூடாத அந்த உடலோடுதான் அது அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டியிருக்கிறது.

ஒரே நாளில் நடந்த பேரழிவும் உண்டு. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் இரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைத்த தண்ணீரோடு டன் கணக்கில் பூச்சிக்கொல்லி ரைனில் கலந்தது, ஆறு சிவப்பாக ஓடியது. சுமார் 400 கி.மீ. தூரத்துக்கு விலாங்குகள் செத்து மிதந்தன, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் என்று மதிப்பிட்டார்கள். அந்த அதிர்ச்சியால்தான் ரைன் நாடுகள் சேர்ந்து 1987-இல் ஆற்றை மீட்கும் திட்டம் போட்டன. ரைன் இன்று எவ்வளவோ தேவலை. விலாங்கு கொடுத்த விலை அது.

ஒட்டுண்ணி ஒன்றும் இருக்கிறது. கிழக்காசியாவின் ஜப்பானிய விலாங்கில் வாழும் ஓர் உருளைப்புழு, உயிருள்ள விலாங்குகளை இறக்குமதி செய்தபோது 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குள் வந்துவிட்டது. விலாங்கு நீரில் மிதக்க உதவும் காற்றுப்பையில் தங்கி இரத்தம் குடித்து, அந்தப் பையின் சுவரைத் தடிப்பாக்கி, தழும்பாக்கிவிடும். ஆற்றில் இருக்கும்போது இதை விலாங்கு சமாளித்துவிடும். ஆனால் கடலில் அது இரவில் மேலே ஏறி, பகலில் சில நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, தினமும் இதையே செய்துகொண்டு போகிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்குக் காற்றுப்பை ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும்.

மீன்பிடிப்பையும் கடத்தலையும் நான் சிறிதாக்கவில்லை. விலாங்கைக் குளத்தில் முட்டையிட வைத்து வணிக அளவில் வளர்க்க இன்னும் வழியில்லை. பண்ணை எங்கே இருந்தாலும் அதில் விடுவது காட்டில் பிடித்த கண்ணாடி விலாங்கைத்தான். கிழக்காசியப் பண்ணைகளுக்கு ஐரோப்பியக் குஞ்சு தேவைப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஐரோப்பிய விலாங்கைச் சேர்க்க 2007-இல் முடிவாகி, 2009-இல் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு ஒன்றியத்திலிருந்து ஏற்றுமதி நின்றது. தண்ணீரும் ஆக்சிஜனும் நிரப்பிய பைகளில் பெட்டிக்குள் மறைத்து விமானத்தில் கடத்துவது அதற்கப்புறம் பெருந்தொழிலாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் பல ஆண்டுகளாகத் தனி நடவடிக்கையே நடத்துகிறது. எடைக்கு எடை பார்த்தால் கிலோ ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போகும் சரக்கு. இதைத் தடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் சட்டபூர்வ மீனவர்களின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அயர்லாந்து 2009-இல் வணிக விலாங்குப் பிடிப்பை முழுவதும் நிறுத்தியது. நார்வே 2010-இல். ஒன்றியத்தின் கடல்பகுதிகளில் தடைக்காலம் மூன்று மாதமாக இருந்து 2023 முதல் ஆறு மாதமானது. ஐசிஇஎஸ் 2021 முதல், எந்த இடத்திலும் எந்தப் பருவத்திலும் பிடிக்கவே வேண்டாம் என்று அறிவுரை சொல்கிறது. பல தலைமுறையாக இதையே நம்பியிருந்த குடும்பங்கள் தொழிலை விட்டன. 2007 ஒழுங்குமுறையை 2020-இல் ஐரோப்பிய ஆணையமே மதிப்பிட்டுப் பார்த்தபோது என்ன சொன்னது? மீன்பிடிப்பு கணிசமாகக் குறைந்திருக்கிறது, ஆனால் மீன்பிடிப்பு அல்லாத சாவுகளைக் குறைப்பதில் முன்னேற்றம் போதவில்லை என்று. வலையைச் சுருட்டியவர் தன் பங்கைச் செய்துவிட்டார். மின்நிலையத்துக்கும் பம்புக்கும் அதே கெடு வைக்கப்படவில்லை. இந்த அநியாயம் எனக்கு உறுத்துகிறது, விலாங்குக்காகவும் அந்த மனிதர்களுக்காகவும்.

குஞ்சுகளைப் பிடித்து வேறு ஆற்றில் விடும் திட்டமும் சட்டத்தில் இருக்கிறது. பிடிக்கும் கண்ணாடி விலாங்கில் 60 சதவீதத்தை இதற்காக ஒதுக்க வேண்டும் என்றது ஒழுங்குமுறை. பிரான்சின் கழிமுகத்தில் பிடித்து வடக்கு, கிழக்கு நாடுகளின் ஏரிகளில் விடுகிறார்கள். இறங்க வழியுள்ள நீரில் விட்டால் சரி. நாலைந்து டர்பைன்களுக்கு மேலே இருக்கும் ஏரியில் விட்டால், பதினைந்து ஆண்டு வளர்த்துத் தகட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஆகும். அதைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பது தவறு.

உருப்படியாக உதவுபவை எவை என்று கேட்டால், மூன்றைச் சொல்வேன். இறங்கும் இரவுகள் ஆண்டில் சிலவே. மழையையும் நிலவையும் நீர்மட்டத்தையும் பார்த்து அவற்றை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். அந்த இரவுகளில் மட்டும் டர்பைனை நிறுத்தி மதகைத் திறந்தால் மின்சார இழப்பு கொஞ்சம், பிழைக்கும் தாய்கள் ஏராளம். அது முடியாத இடத்தில் நெருக்கமான கம்பித் தடுப்பும், பக்கவாட்டில் ஒரு வெளிவழியும் வைக்கலாம். அதுவும் இல்லாத இடத்தில் பிடித்து ஏற்றிச் செல்வது. ஜெர்மனியின் மோசல் ஆற்றில் 1990-களிலிருந்து மீனவர்கள் அணைகளுக்கு மேலே வெள்ளி விலாங்கைப் பிடித்து, வண்டியில் கொண்டுபோய் ரைனில் விடுகிறார்கள். அயர்லாந்தில் ஷானன் ஆற்றில் 1929 முதல் இயங்கும் ஆர்ட்னகிரஷா நீர்மின் நிலையத்தைத் தாண்டவும் இதே வழி. மீன் பிடிக்கத் தெரிந்த கைகளே அதைக் காப்பாற்றவும் செய்கின்றன. தற்காலிக வழிதான், ஆனாலும் நல்ல வழி.

எல்லாவற்றிலும் சிறந்தது, வேலையில்லாத தடுப்பை எடுத்துவிடுவது. பிரான்சின் நார்மண்டியில் செலூன் என்று ஓர் ஆறு. அதில் 36 மீட்டர் உயர வெசான் அணையும் 16 மீட்டர் உயர லா ரோஷ் கி புவா அணையும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக மேல்பகுதியை அடைத்து நின்றன. உள்ளூரில் நீண்ட எதிர்ப்பு இருந்தது. ஏரியின் அழகு போய்விடும் என்று வருந்தியவர்களும் உண்டு, அந்த வருத்தம் நியாயமானதுதான். 2019-இல் தொடங்கி 2023-க்குள் இரண்டையும் எடுத்தார்கள். செலூன் மறுபடி கடல்வரை தடையில்லாமல் ஓடுகிறது. 2024-இல் வந்த ஐரோப்பிய இயற்கை மீட்புச் சட்டம், 2030-க்குள் 25,000 கி.மீ. ஆற்றைத் தடையின்றி ஓடவிடும் இலக்கை வைத்திருக்கிறது. 12 லட்சம் தடுப்புகளுக்கு முன்னால் அது சிறிய எண். என்றாலும் ஆற்றையே மையமாக வைத்துப் பேசும் சட்டம் ஒன்று வந்திருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

கடைசியாக, 'ஏன் இன்னும் மீளவில்லை' என்ற கேள்வியில் காலமும் சேர்ந்திருக்கிறது. இந்த இலையுதிர் காலத்தில் கடலுக்குக் கிளம்பும் பெண் விலாங்கு, பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன், சில இடங்களில் இருபது ஆண்டுக்கும் முன், ஆற்றுக்குள் நுழைந்தது. அது போய்ச் சேர்ந்து முட்டையிட்டு, குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து வர இன்னும் ஓரிரண்டு ஆண்டுகள் ஆகலாம். செலூனின் திறந்த மேல்பகுதிக்கு இப்போது ஏறும் குஞ்சுகளில் பெண்ணாக வளர்பவை 2035-ஐ ஒட்டித்தான் கீழே இறங்கத் தொடங்கும். அவற்றின் குஞ்சுகள் ஐரோப்பாவின் எந்தக் கழிமுகத்தில் வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே ஒரு மதகு திறந்திருக்க வேண்டும்.